மாத்தின் சலாஷ் என்று சொல்லுங்கள்

மாத்தின் சலாஷ், 10 நவம்பர் 1992

தம்பி மாரினுக்கு, கவ்ரோ பாலாச் எழுதுவது.

மொஹாச்சில் அந்த ஹங்கேரி வக்கீலின் மேசைமேல் சாவிகளை மாற்றிக்கொண்டதோடு நமக்குள் எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். என் வீடு உங்களுக்கு, உங்கள் வீடு எனக்கு. இந்தச் சண்டைக்குப் பிறகு செர்பியன் நான் அங்கே இருக்க முடியாது, குரோஷியர் நீங்கள் இங்கே இருக்க முடியாது. நான் பன்றிக்குட்டியைச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து சந்தை சந்தையாக அலைந்து மேலே வந்தவன். எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நஷ்டம் என்று முடிந்த பேரம் இது ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முற்றத்துப் பம்பு காலையில் தண்ணீர் இறைக்க மாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரி ஸ்மில்யா அதை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே, "இதுவும் குரோஷியன் கட்சிதாங்க, நமக்குத் தண்ணி தராது" என்றாள். "கட்சி இல்லடி, வாஷர் தேஞ்சிருக்கும்" என்றேன். வாஷரா வேறு ஏதாவதா என்று எழுதவும்.

அடுத்து கல்லறை. பேசியபடி நவம்பர் இரண்டாம் தேதி, உங்கள் ஆத்துமாக்கள் நாளில், உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்கள் அப்பாவின் கல்லைச் சுற்றிப் புல் வெட்டினேன். செத்தவர்களுக்கு ஏற்றும் எங்கள் ஆத்துமாக்கள் சனியும் வந்து போயிற்று. நீங்கள் என் அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் ஏற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசியாக, இந்தக் கடிதமே இதற்காகத்தான். மொஹாச்சில் உங்கள் மனைவி பக்கத்தில் இருந்ததால் விவரமாகச் சொல்லவில்லை. என் மகன் ராங்கோ. போன வருஷம் இலையுதிர் காலத்தில் நாங்கள் எங்கள் ஊர் லிப்பின் வரோஷைக் காலி செய்த அன்று அவன் லாரியோடு தீவனம் எடுக்கப் போயிருந்தான். சாலையை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நல்ல பிள்ளை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். குடிப்பான், எதிர்த்துப் பேசுவான். ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த வீடு, இப்போது நீங்கள் இருக்கிற அந்த ஒன்றுதான். அங்கேதான் வருவான். வந்தால் கதவைத் திறந்து, "உங்கப்பா மாத்தின் சலாஷ்ல இருக்கார்" என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பாடு போடாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நேராகத் தபால் போகாததால் மொஹாச்சுக்கு உங்கள் ரோஜி அத்தை விலாசத்துக்கு அனுப்புகிறேன். உறை மாற்றி உங்களுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். கூடவே ஒரு நக்கலும். "ஒருத்தன் 'வரோஷ்'லேர்ந்து வர்றான், ஒருத்தன் 'சலாஷ்'லேர்ந்து வர்றான். பட்டணம்னு ஒரு பேரு, தங்குற இடம்னு ஒரு பேரு. ரெண்டும் எங்க ஹங்கேரி பாஷை. உங்க ஊர்ப் பேருக்குக்கூட எங்ககிட்டதான் கடன் வாங்கியிருக்கீங்க, அப்புறம் எதுக்குடா அடிச்சிக்கிறீங்க?" என்கிறாள். பதில் தெரிந்தால் நீங்களே எழுதிவிடுங்கள்.

கவ்ரோ


லிப்பின் வரோஷ், 20 டிசம்பர் 1992

மதிப்புக்குரிய அண்ணன் கவ்ரோவுக்கு,

கடிதம் கிடைத்தது. பம்பில் வாஷர் நல்ல வாஷர்தான். காலையில் முதலில் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அடிக்க வேண்டும். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

மனதில் பட்டதை நானும் எழுதிவிடுகிறேன். இறைச்சி புகைக்கும் கொட்டகையிலிருந்து கொக்கிகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள். பத்திரத்தில் "பொருத்தப்பட்டவை உட்பட" என்று இருக்கிறது. நான் உங்களுக்கு எல்லாக் கொக்கிகளையும் விட்டுவிட்டு வந்தேன். வியாபாரி என்றால் கொக்கியுமா? என் மருமகள் கேட்டாள்.

உங்கள் அப்பா, அம்மா, அண்ணன் கல்லறைகளில் விளக்கேற்றினேன். சுற்றிலும் முள் மண்டியிருந்தது, வெட்டினேன். இங்கே உங்கள் ஆட்கள் யாரும் இல்லாததால் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் போக வழியே இல்லை. நான் போகிற தடம்தான் இப்போது வழி.

போன வாரம் பன்றி அடித்தோம். எனக்கு இங்கே ஆள் பழக்கம் இல்லை, பக்கத்து வீட்டு யோசோ வந்து கத்தி பிடித்தார். உங்களை விசாரித்தார். "கவ்ரோ கடுசான ஆளு, ஆனா தராசுல கை வெக்க மாட்டான்" என்றார். உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

உங்கள் மகனைத் தேடி

இந்த இடத்தில் ஒரு வரியை அடித்திருக்கிறேன், பேனா கசிந்துவிட்டது. கதவை யாரும் தட்டவில்லை. தட்டினால் சொல்கிறேன்.

மாரின் ஷிமுனோவ்


மாத்தின் சலாஷ், 14 ஜூன் 1993

தம்பி மாரின்,

கொக்கி விஷயம் உண்மை. கழற்றினேன். அவை என் கையால் வளைத்தவை, அந்தக் கொட்டகையில்தான் என் முதல் சம்பாத்தியம் தொங்கியது. ரோஜி அத்தையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

ராங்கோ உயிரோடு இருக்கிறான்.

கைதிகளை மாற்றிக்கொண்டபோது இந்தப் பக்கம் வந்தவர்களில் ஸ்தேவோ என்று ஒருவன். முகாம் முகாமாகக் கிடந்து பல் இரண்டு போய் வந்திருக்கிறான். என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். இந்த வசந்தத்தில் ஒரே அறையில் இவனும் ராங்கோவும் படுத்திருந்தார்களாம். எங்கள் சொந்தக்காரர்கள் வழியாக நாங்கள் இருக்கிற இடம் இவனுக்குத் தெரிந்திருந்தது, ராங்கோவிடம் சொல்லியிருக்கிறான். "ஒங்கப்பா மாத்தின் சலாஷ்ல இருக்காருன்னேன் பெரியவரே. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டான்." ஸ்மில்யா அவன் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு தொடை இறைச்சி கொடுத்தேன், போதாது என்று பட்டது. என் கோட்டையும் கழற்றிக் கொடுத்தேன். போகிற வழியில் பக்கத்து வீட்டுத் தெசாங்கா அவனை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் காணாமல் போனவன்தான். இரண்டு பசுவோடு தனியாக வந்து சேர்ந்தவள், பாவம்.

இந்த நேரம் பார்த்து இங்கே ஒரு கூத்து. இந்த ஊருக்குக் குடிவந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போல எங்கிருந்தோ அடித்து விரட்டப்பட்டவர்கள். கமிட்டித் தலைவர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். "மாத்தா ஒரு குரோஷியன் பேரு. சலாஷ் ஹங்கேரிச் சொல்லு. இதுல நம்மளது என்னய்யா இருக்கு? இனிமே நம்ம ஊருக்கு நம்ம பேரு, வுகாஷெவோ!" கைதட்டல். நான் எழுந்தேன். "நான் பொறந்த வரோஷும் ஹங்கேரிச் சொல்லுதான். அம்பது வீட்டுக்குப் பட்டணம்னு பேரு வெச்சவன் எவனோ. அந்தப் பட்டணத்துக்காகத்தான் நான் அழுதுட்டு வந்தேன். நீங்க இருக்கிற அறைக்கும் போட்டிருக்கிற செருப்புக்கும் நாம சொல்ற சொல்லும் ஹங்கேரிக்காரன் குடுத்ததுதான். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தா வெறுங்காலோட தெருவுல நின்னு கையாலதான் பேசிக்கணும்" என்றேன். சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு ஏன் இவ்வளவு வலிக்குது?" என்றார். "என் புள்ளைக்கு இந்தப் பேருதான் தெரியும். ஊர்ப் பலகையைக் கழட்டினா அவன் எந்த ஊர்ல எறங்குவான்?" என்றேன். ஒத்திவைத்துவிட்டார்கள். ஒத்திவைத்ததுதான், விட்டுவிடவில்லை.

உங்கள் கொள்ளுத்தாத்தா மாத்தாவுக்கு வக்கீலாக நான் வாதாடுகிறேன். உலகம் எப்படிப் போகிறது பாருங்கள்.

கவ்ரோ


லிப்பின் வரோஷ், 9 நவம்பர் 1993

அண்ணன் கவ்ரோவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு என்று சொல்லலாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். கொக்கிகள் வந்து சேர்ந்தன. நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஊர்ப் பெயருக்காக நீங்கள் எழுந்து பேசியதைப் படித்து என் மனைவி அழுதாள். மாத்தா கிழவர் சதுப்பு நிலத்தில் தடியை ஊன்றி முதல் குடிசையைப் போட்டார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எங்களுக்கு என்று அங்கே மிச்சம் இருப்பது அந்தப் பலகை மட்டும்தான். அதை நீங்கள் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த நன்றி எனக்குப் பாரமாகவும் இருக்கிறது.

அந்த ஸ்தேவோ என்பவர் எந்த முகாம் என்று சொன்னாரா? இப்படி வீடு வீடாக வந்து சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பார்த்து.

சனிக்கிழமை உங்கள் ஆத்துமாக்கள் நாளுக்குப் போனேன். நல்ல மழை. உங்கள் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. ராங்கோவுக்கும் ஒன்று ஏற்றினேன். அணையாமல் இருக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாரின்


மாத்தின் சலாஷ், 2 டிசம்பர் 1993

மாரின்,

உன் கடிதத்தை ஸ்மில்யாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "கடைசியில பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, எழுதியது நான்தான் என்பதுபோல.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாதிருக்கலாம், சொல்கிறேன். கோயிலுக்குள் இரண்டு தட்டு இருக்கும். உயிரோடு இருப்பவனுக்கு மேல் தட்டில் ஏற்றுவோம். செத்தவனுக்குக் கீழே மணலில். அவசரத்தில் கை மாறி வைத்துவிட்டால் பெண்கள் அங்கேயே அழுது, எடுத்துத் திருப்பி வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குக் கல்லறையில் யாரும் ஏற்ற மாட்டார்கள். அந்த மண் செத்தவர்களுக்கு உரியது. நீ என் மகனுக்கு மண்ணில் மெழுகுவர்த்தி நட்டிருக்கிறாய். ஆத்துமாக்கள் நாளில். மழையில் குடை வேறு பிடித்திருக்கிறாய்.

தெரியாமல் செய்தாயா? ஒரு வரியில் பதில் போடு.

கவ்ரோ


லிப்பின் வரோஷ், 27 டிசம்பர் 1993

அண்ணன் கவ்ரோவுக்கு,

அண்ணி மனதைப் புண்படுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும். எங்களில் உயிரோடு இருப்பவர்களுக்கும் கல்லறையில் ஏற்றுவது உண்டு. ஜெபம்தானே. நான் வித்தியாசம் பார்க்கவில்லை. வேறொன்றும் இல்லை.

ஜனவரி ஏழில் வரும் உங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே வாழ்த்து.

மாரின்


மாத்தின் சலாஷ், 19 ஜனவரி 1994

மாரின்,

நான் சந்தையில் வளர்ந்தவன். ஒருத்தன் பன்றியை விற்க வந்து, கேட்பதற்கு முன்பே, "ரொம்ப ஆரோக்கியமா இருக்கு" என்றால் வாயைத் திறந்து பார்ப்பேன். உன் கடிதத்தில் "வேறொன்றும் இல்லை" என்று இருந்தது. நான் கேட்கவே இல்லையே.

உங்கள் கோயிலுக்குப் போனேன். உங்கள் ஆட்கள் போனபின் அங்கே கிழட்டுச் சாமியார் ஒருவர்தான் இருக்கிறார். பூசைக்கு நாலு ஹங்கேரிக் கிழவிகள் வருகிறார்கள். வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"செர்பியன் எங்கிட்ட சந்தேகம் கேக்குற நாளும் வந்துடுச்சா? உள்ள வாப்பா. பாவமன்னிப்பா?"

"அதுக்கு உங்க ஆயுசு பத்தாது. உயிரோட இருக்கிறவனுக்கு நீங்க கல்லறைல மெழுகுவர்த்தி ஏத்துவீங்களா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "எதுக்குப்பா ஏத்தணும்? உயிரோட இருக்கிறவனுக்குக் கோயிலுக்குள்ள ஏத்துவோம். கல்லறைல ஏத்தினா அவன் பொண்டாட்டி என் தாடியைப் புடுங்கிடுவா." பிறகு, "யாரு உனக்கு அப்படிச் சொன்னது?" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன். "மாரினா? பத்து வயசுல எனக்குப் பூசைல மணி அடிச்ச பையன். அவனுக்குத் தெரியாம இருக்காதே" என்றார். சொன்னபிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. என் தோளில் கை வைத்தார். நான் கையை எடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆக, இரண்டு மதத்திலும் ஒரே வழக்கம்தான். நீ பொய் சொல்லியிருக்கிறாய். பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். உன்னை நான் திட்டப்போவதில்லை. ஸ்மில்யாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, உன் பதிலைத் தபால்காரனிடமிருந்து நானே வாங்கிக்கொள்வேன்.

ராங்கோ மண்ணுக்கு மேலே இருக்கிறானா, கீழே இருக்கிறானா? ஒரு சொல் போதும்.

கவ்ரோ


லிப்பின் வரோஷ், 6 மார்ச் 1994

அண்ணா,

கீழே.

ஒரு சொல் போதும் என்றீர்கள். அதோடு உறையை ஒட்டி மொஹாச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் ரோஜி அத்தைக்குப் போன் செய்து, அனுப்ப வேண்டாம், திருப்பி அனுப்பு என்றேன். "ஏண்டா, என்னைத் தபால் பெட்டின்னு நெனச்சியா, நாய்க்குட்டின்னு நெனச்சியா, போ, வான்னு?" என்று திட்டினாள். அந்தக் காகிதத்திலேயேதான் தொடர்ந்து எழுதுகிறேன். முழுவதும் எழுதாமல் அந்தச் சொல்லை மட்டும் உங்களுக்கு அனுப்புவது பாவம்.

முதல் வருஷம் பன்றி அடித்தபோது யோசோ வந்தார் என்று எழுதினேன் அல்லவா. குடல் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பிளம் தோட்டத்தில் குழி வெட்டப் போனேன். யோசோ ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். "இங்க வெட்டாத. வேலியோரம் வேணா வெட்டிக்க." ஏன் என்றேன். வேலை முடிந்து பிராந்தி ஊற்றியபின் கிளாஸைத் தொடாமல் சொன்னார்.

நீங்கள் எல்லோரும் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு ராங்கோ வந்திருக்கிறான். லாரி இல்லை. காட்டு வழியாக நடந்து வந்திருக்கிறான். ஊரில் உங்கள் ஆட்கள் ஒருத்தரும் இல்லை. நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் வந்திருக்க வேண்டும். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறான். குளிர் அப்படி. காலியான ஊரில் ஒரு கூரையில் மட்டும் புகை. அதைப் பார்த்து மூன்று பேர் வந்தார்கள். யோசோ தன் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறார். போய்த் தடுக்கவில்லை. "போயிருந்தா என்னையும்தான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கிளாஸிடம்தான் சொன்னார். அவர்கள் போனபின் அவர்தான் அந்தப் பிளம் தோட்டத்தில் புதைத்தார். தன் கம்பளியில் சுற்றிப் புதைத்ததாகச் சொன்னார். அந்த மூன்று பேர் யார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் கடையில் சிலர் என்னைப் பார்த்து, "தோட்டம் நல்லா இருக்கா மாரின்?" என்று சிரிப்பார்கள். அதில் யார் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஸ்தேவோ சொன்னது பொய். அவன் பார்த்ததாகச் சொன்ன வசந்தத்தில் ராங்கோ மண்ணுக்குள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாத்தின் சலாஷ் என்ற பெயரை ராங்கோ காதால் கேட்டதே இல்லை.

நான்காவது மெழுகுவர்த்தியைக் கல்லறையில் ஏற்றவில்லை. உங்கள் தோட்டத்தில்தான் ஏற்றினேன். அங்கே புல் வெட்டுவதில்லை, பசுவைக் கட்டுவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம் என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். பயமும்தான். ஆனால் உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தபோது சொல்லியிருக்க முடியும். அப்போது அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பலகைக்காக அங்கே நிற்க ஒரு ஆளும் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். இன்னும் ஒரு மாதம் போகட்டும், இன்னும் ஒரு மாதம் என்று இருந்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னால் யோசோவும் நானும் எடுத்து, உங்கள் அப்பா பக்கத்தில் வைக்கிறோம். யோசோ சம்மதித்துவிட்டார்.

மாரின்


மாத்தின் சலாஷ், 15 மே 1994

மாரின்,

உன் கடிதத்தைப் பம்படியில் நின்று படித்தேன். ஸ்மில்யா சன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் போவதற்குள் பெட்டியிலிருந்து துக்கத்துக்குக் கட்டும் கறுப்பு முக்காட்டை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டரை வருஷமாகப் பக்கத்துப் பெண்கள் கட்டச் சொல்லியும் மறுத்தவள். "அடுப்பு பத்த வெச்சானா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். "குளுரு தாங்க மாட்டான்" என்றாள்.

உனக்கு எழுத வேண்டும் என்று பல முறை உட்கார்ந்தேன். எழுதியதை அனுப்பியிருந்தால் ரோஜி அத்தை கை சுட்டிருக்கும். உன் கிழவன் பெயர் ஒரு தகரத்தில் தொங்குவதற்காக என் மகனை எனக்குள் உயிரோடு வைத்திருந்தாய். நான் கூட்டத்தில் கையை நீட்டி நீட்டிப் பேசியதைப் படித்து உன் மனைவி அழுதாளாம். நல்லது. உன் வீட்டுப் பம்பை நான் ஒரு நாள் கடப்பாரையால் உடைத்தேன். மறுநாள் புதிது வாங்கிப் போட்டேன், தண்ணீர் வேண்டுமே.

ஸ்தேவோவைத் தேடிக்கொண்டும் போனேன். அவன் ஊரை விட்டுப் போய்விட்டான். என் கோட்டைப் போட்டுக்கொண்டு போனானாம். ஒரு பன்றியின் நடையைப் பார்த்தே நோய் சொல்கிறவன் நான். அவன் உட்கார்ந்து பேசினான், நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டிக் கூட்டத்தை மறுபடி கூட்டினார்கள். இந்த முறை வுகாஷெவோ என்று எழுதிய புதுப் பலகையைத் தயாராகக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் முடிவோடுதான் போனேன். தலைவர் முதலிலேயே என்னைப் பார்த்து, "அண்ணே, போன தடவை நீங்கதான் குறுக்க நின்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

எழுந்து, "என்ன வேணா வெச்சிக்குங்க. எனக்கு யாரும் வரப்போறதில்ல" என்றேன்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் தொப்பியைக் கழற்றினான். தலைவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார், அந்த மட்டில் மனிதர்தான். பிறகு, "அப்ப எதிர்ப்பு இல்லேன்னு..." என்று ஆரம்பித்தார்.

தெசாங்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அவருக்கு வரலேன்னா எனக்கும் வராதா? என் வீட்டுக்காரர் இந்தப் பேரைத்தானே கேட்டுக்கிட்டு வருவாரு!"

"அக்கா, உக்காருங்க..."

"நீ உக்காரு! ஸ்தேவோ சொன்னான். முகாம்ல அவருகூடப் படுத்திருந்தானாம். மாத்தின் சலாஷ்னு சொன்னானாம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டாராம். இப்ப நீங்க பலகைய மாத்தினா அந்த மனுசன் எங்கய்யா போவாரு?"

மாரின், அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. என்னிடம் இறைச்சியும் கோட்டும் வாங்கிக்கொண்டு, வாசல் தாண்டிப் பக்கத்து வீட்டில் அதே சரக்கை விற்றிருக்கிறான். அவளிடம் என்ன வாங்கினான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தொழுவத்தில் இப்போது ஒரே பசுதான் நிற்கிறது.

தலைவர் கை தூக்கச் சொன்னார். மாற்ற வேண்டும் என்பவர்கள் முதலில். எண்ணினார்கள். வேண்டாம் என்பவர்கள் அடுத்து. தெசாங்கா தூக்கினாள், தொப்பியைக் கழற்றியவன் தூக்கினான், ஊரில் முன்பிருந்தே இருக்கிற ஹங்கேரிக் குடும்பங்கள் தூக்கின. இன்னும் சிலர். எண்ணி முடித்துவிட்டுத் தலைவர், "சமமா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதுவரை இரண்டுக்கும் தூக்கவில்லை.

மாற்ற வேண்டாம் என்று தூக்கினேன்.

உனக்காக இல்லை. மாத்தாவுக்காகவும் இல்லை. அப்படி நினைத்து நன்றிக் கடிதம் எழுதிவிடாதே, பிரிக்க மாட்டேன்.

ராங்கோ விஷயம். நீயும் யோசோவும் அவனை எடுத்து என் அப்பா பக்கத்தில் வையுங்கள். பகலில் செய்யுங்கள், திருடர்கள் மாதிரி வேண்டாம். யோசோவின் கம்பளியைப் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மரச்சிலுவை போதும். அதில் பெயர் எழுத வேண்டாம். அந்த மூன்று பேரும் அங்கேதானே இருக்கிறார்கள், பெயர் பார்த்தால் பிடுங்கிப் போடுவார்கள். எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்தால் போதும். ஆத்துமாக்கள் நாளில் நீ செய்வாய் என்று தெரியும். உன் ஆட்களுக்கு நானும் செய்வேன். அது பேசி முடித்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தெசாங்கா வேலியோரம் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க புள்ளை விஷயம் கேள்விப்பட்டேன். மன்னிச்சுக்குங்க, உள்ள நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"பரவாயில்லம்மா."

அவள் போகவில்லை. "அப்ப ஸ்தேவோ உங்ககிட்ட சொன்னது..." என்று நிறுத்தினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "எங்கிட்ட சொன்னது நெசம்தானே அண்ணே?"

பொய்ச் சரக்கை நான் யாருக்கும் விற்றதில்லை. யோசோவே உன்னிடம் சொல்லியிருக்கிறான், தராசில் கை வைக்க மாட்டேன் என்று.

"எம்புள்ள விஷயத்துல அவன் ஆள் மாறிப் பாத்துட்டாம்மா. உன்னுது நெசம்தான்" என்றேன்.

கவ்ரோ